மூச்சிரைப்பு நோயும் மார்க்கம் தந்த சலுகையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின்னர் இமாம் எழுந்து நின்றால் ஸகாத்தைப் பற்றியோ, பிள்ளைகளின் மக்தப் வருகையைப் பற்றியோ பேசுவார் என்பதே வழக்கம். இவ்வாண்டு என்னைப் பீடித்த ஒரு நோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். முத்தவல்லி அவர்கள் இசைந்தார்கள்.

கடந்த ஆடிக் காற்றின்போது சுப்ஹுத் தொழுகையில் நான் பலமுறை ஓதலை நிறுத்தி இருமியதைத் தாங்கள் அறிவீர்கள். சளி என்றே எண்ணியிருந்தேன். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினேன். இரவு 3 மணிக்கு நெஞ்சில் விசில் ஊதுவது போன்ற ஓசை கேட்டு விழிப்பதும், எழுந்து உட்கார்ந்து விடியலை எதிர்பார்ப்பதும் வாடிக்கையாயிற்று. இறுதியில் ஒரு மருத்துவர் ஒரு குழாயை வாயில் வைத்து வேகமாக ஊதச் சொன்னார். மருந்தை உள்ளிழுக்கச் செய்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் ஊதச் சொன்னார். இரண்டாம் முறை அளவு நன்கு உயர்ந்திருந்தது. சுருங்கிய மூச்சுக் குழல்கள் மருந்தால் விரிகின்றன. ஆகவே இது ஆஸ்துமா என்றார். நாற்பது வயதைக் கடந்த பிறகுமா என்று கேட்டேன். எந்த வயதிலும் வரலாம் என்பதே விடையாக இருந்தது.

இரண்டு இன்ஹேலர்களை எழுதிக் கொடுத்தார். அவற்றை ஜிப்பாவின் உள் பையில் மறைத்தே வைத்திருந்தேன். இமாமுக்கு இழுப்பு நோய் என்று ஊர் பேசுமே என்ற கூச்சம்தான் காரணம். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

நோய்க்கு மருந்து செய்து கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லும்படி நபியவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அரபியில் இந்நோய்க்கு 'ரப்வு' என்று பெயர். மிஸ்ரில் ஐயூபிய அரசவையைச் சார்ந்த ஒரு பிரமுகருக்காக, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்னு மைமூன் என்ற யூத மருத்துவர் இந்நோய் பற்றித் தனி நூலே அரபியில் எழுதினார். தூய காற்றையும் மிதமான உணவையும் அதில் அவர் வலியுறுத்தினார். ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. நானும் ஓதி ஊதிய தண்ணீரை அருந்துகிறேன். ஆனால் துஆவைச் சொல்லி மருந்தைக் கைவிடுவது ஸுன்னத் அல்ல.

இன்ஹேலர் பழகினால் விட முடியாது, அது கடைசி நிலை மருந்து என்றெல்லாம் நம்மூரில் ஓர் அச்சம் நிலவுகிறது. கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்தத்திற்கு 100 மைக்ரோகிராம். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து உடல் முழுதும் சுற்றிய பிறகே நுரையீரலை அடைகிறது. இன்ஹேலரோ நேரே அங்கு சேர்கிறது. எது கடுமையான மருந்து என்பதைத் தாங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

பக்க விளைவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நிவாரண மருந்தை இழுத்தவுடன் என் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும். எனக்குப் பெரும் சோதனையாக வந்தது தடுப்பு மருந்துதான். குழல்களின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு அதில் உண்டு. மூன்று வாரத்தில் என் குரல் கம்மிவிட்டது. நாவிலும் அண்ணத்திலும் வெள்ளைப் படலம் படர்ந்தது. குர்ஆன் ஓதுவதையும் தொழவைப்பதையும் தன் பணியாகக் கொண்ட ஒருவனுக்குக் குரல் போவது எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. யாரிடமும் கேளாமல் அம்மருந்தை நிறுத்தினேன். நீல நிற நிவாரண மருந்து ஒன்றே போதும் என்று முடிவு செய்தேன். பத்து நாட்களுக்குப் பின் ஒரு நள்ளிரவில் பேச்சு வராமல், உதடு கறுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டேன்.

பிழை மருந்தில் இல்லை, நான் பயன்படுத்திய முறையில் இருந்தது. மருந்தை இழுத்ததும் வாயை நன்கு கொப்பளித்து, தொண்டை வரை அலசித் துப்பிவிட வேண்டும். ஒவ்வொரு ஒளுவிலும் வாய் கொப்பளிக்கும் நமக்கு இது கடினமா? அன்று வரை எனக்கு அதை எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அத்துடன் 'ஸ்பேசர்' என்னும் பிளாஸ்டிக் கூடு ஒன்று உண்டு. அதன் வழியே இழுத்தால் மருந்து தொண்டையில் படிவது பெரிதும் குறைகிறது. இரண்டையும் கடைப்பிடித்த பின் குரல் திரும்பிற்று; அல்ஹம்துலில்லாஹ். நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பதை, 1993இல் தொடங்கப்பட்ட ஆஸ்துமாவுக்கான உலகளாவிய மருத்துவ அமைப்பு 2019ஆம் ஆண்டு தெளிவாகவே அறிவித்திருக்கிறது. மூச்சு நன்றாக இருக்கும் நாட்களிலும் தடுப்பு மருந்தை மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும். (பொடி மருந்துக் குப்பியின் மேலுறை ஜெலட்டினாயிற்றே என்று ஒருவர் வினவினார். உறையை யாரும் விழுங்குவதில்லை. பொடியை இழுத்த பின் எறிந்துவிடுகிறோம்.)

இனி நோன்பைப் பற்றி. நோன்பு நோற்றபடி இன்ஹேலர் இழுக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மருந்துத் துகள் தொண்டையைக் கடந்து உட்செல்வதால் நோன்பு முறியும் என்பது நம் நாட்டு ஹனஃபி முஃப்திகளில் பெரும்பாலோரின் தீர்ப்பு. முறியாது என்பது சவூதியின் மறைந்த அறிஞர்களான பின் பாஸ், இப்னு உஸைமீன் போன்றோரின் நிலை. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நோன்பை முறிக்காத மருத்துவ முறைகள் பலவற்றைப் பட்டியலிட்டபோதும், ஆஸ்துமா ஸ்பிரேயைக் கூடுதல் ஆய்வுக்கென ஒத்திவைத்தது. அத்தனை நுட்பமான மஸ்அலா இது. நான் ஹனஃபி, என்னிடம் கேட்போருக்கு, இழுத்தால் களா செய்யுங்கள், கஃப்பாரா இல்லை என்றே சொல்வேன். மாற்றுக் கருத்தைப் பின்பற்றுவோரைப் பழிக்கவும் மாட்டேன்.

தடுப்பு மருந்து பலருக்கு நாளுக்கு இருவேளைதான். அதை ஸஹரிலும் இஃப்தாரிலும் வைத்துக் கொள்ள முடியுமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சென்ற ரமளானில் எனக்கு அவ்வாறே அமைந்தது. ஆயினும் இரண்டு நோன்புகளை முறிக்க நேர்ந்தது, களாவும் செய்தேன். எல்லா இமாம்களும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு: மூச்சுத் திணறும்போது நோன்பைக் காப்பதாக எண்ணி உயிரைப் பணயம் வைப்பது பேணுதல் அன்று, பாவம். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் வழங்குகின்றன. மீண்டும் நோற்க இயலாத நிலையில் உள்ளோர் ஃபித்யா கொடுப்பார்கள்.

நம் ஊரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்கே மலைச்சரிவு, ஆனி, ஆடியில் புழுதியை அள்ளிவரும் காற்று, காலி மனைகளில் பார்த்தீனியச் செடி. நம் சகோதரிகள் பலர் விடியலில் ஜீப்புகளில் ஏறி ஏலத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். அங்கே பூச்சிமருந்து நெடியும் ஈரக் குளிரும். வேறு சிலர் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறார்கள். மணக்கும் பொருளாயிற்றே, அதன் தூசு என்ன செய்யும் என்று கேட்கிறோம். நறுமணப் பொருள்களின் தூசும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். வேலை நாட்களில் இருமலும் விடுமுறை நாட்களில் நிம்மதியும் இருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். மூக்கடைப்பும் தொடர் தும்மலும் உள்ளவர்கள் அதற்கும் வைத்தியம் பாருங்கள். மூக்கு சீராகாமல் நெஞ்சு சீராவது கடினம். உடல்வலி மாத்திரையைக் கேட்காமல் விழுங்காதீர்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை ஆஸ்துமாக்காரர் சிலருக்குக் கடும் இழுப்பைத் தந்துவிடும்.

நமது பள்ளிவாசலைப் பற்றியும் ஒரு விண்ணப்பம். கனத்த கம்பளத்தில் கண்ணுக்குப் புலப்படாத தூசிப் பூச்சிகள் குடியிருக்கின்றன. ஸஜ்தாவில் மூக்கை வைக்கும் இடமே அதுதான். அதை அகற்றி, துவைத்துக் காயவைக்கக் கூடிய விரிப்புகளை இடும்படி நிர்வாகத்தைக் கேட்டுக் கொள்கிறேன். சாம்பிராணிப் புகை விஷயத்தில் பெரியவர்கள் என் மீது வருந்தக்கூடும். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் மதீனா பள்ளியில் ஜும்ஆ அன்று நறும்புகை இடப்பட்டது உண்மையே. நான் அதை மறுக்கவில்லை. ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் முன்பே இட்டு, சன்னல்களைத் திறந்துவிட்டால் மணமும் தங்கும், புகையும் போய்விடும். பூண்டும் வெங்காயமும் தின்ற வாடையோடு பள்ளிக்கு வருவதையே நபியவர்கள் வெறுத்திருக்க, பீடிப் புகையோடு ஸஃப்பில் நிற்பவரைப் பற்றி நான் என்ன சொல்ல!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பார்க்க வருவோர் அறிந்துவிடக் கூடாது என்று குமரிப் பிள்ளைகளின் இன்ஹேலரை ஒளித்து வைக்கும் வீடுகள் நம் மஹல்லாவில் உண்டு. நான் ஒளித்து வைத்தேன், ஆம்புலன்ஸ் வந்தது. அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும் இரவில் மருந்து எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிக்காஹ் பேசும்போதும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா தொற்றும் நோயன்று. மருந்தை ஒழுங்காக எடுப்பவர் தாய்மையடையவும் உழைக்கவும் தடையில்லை.

வரும் வெள்ளிக்கிழமை முதல் அஸருக்குப் பின் பள்ளி அலுவலகத்தில் அமர்ந்திருப்பேன். இன்ஹேலர் வைத்திருப்போர் தத்தம் மருந்தோடு வாருங்கள். குலுக்குவது, மூச்சை வெளியே விட்ட பின் அழுத்தி மெதுவாக இழுப்பது, பத்து எண்ணும் வரை அடக்குவது என எனக்குக் கற்பிக்கப்பட்டதைச் செய்து காட்டுகிறேன். பொடி மருந்தை மட்டும் வேகமாக இழுக்க வேண்டும். ஸ்பேசர் வாங்க வசதியற்றோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பெண்கள் என் வீட்டாரிடம் வரலாம்; அவர்களும் பழகியிருக்கிறார்கள்.