பாலத்துக்கு அப்பால் ஒரு விடுதி அறை

(ஜித்ராவில் நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இருப்பவர்களில் யார் யார் வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, எத்தனை கைகள்! இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியதுதான்.

2020 மார்ச் 16-ஆம் தேதி இரவு நம் அரசாங்கம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தது. 18-ஆம் தேதி எல்லை மூடப்பட்டது. அப்போது ஜொகூரில் குடியிருந்து சிங்கப்பூருக்குப் போய் வந்த மலேசியர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். மாசாயிலும் ஸ்கூடாயிலும் அறை எடுத்து, விடியற்காலை மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிய நம் கெடா பிள்ளைகளும் அதில் அடக்கம். அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு நாள்கூட இல்லை. இந்தப் பக்கம் நின்றால் வேலை போகும். அந்தப் பக்கம் போனால் குடும்பத்தைப் பார்க்க முடியாது. 17-ஆம் தேதி பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடம் கிடைக்காமல் கிராஞ்சி ரயில் நிலையத்தருகே படுத்தவர்களும் உண்டு.

சிங்கப்பூர் அரசாங்கம் ஓர் ஊழியருக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி வீதம், 14 இரவுகளுக்கு முதலாளிகளுக்கு உதவி கொடுத்தது. பலர் மலிவு விடுதிகளில் அறையைப் பகிர்ந்து தங்கினார்கள். ஆனால் தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். 14 இரவுகள் எங்கே, இரண்டு வருடம் எங்கே!

அந்தச் சமயத்தில் நம் வட்டாரத்துத் தம்பி ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, இனிமேல் ரூம் காசைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலன்னா வேலை இருக்குமா?" என்று கேட்டார்.

தோழர்களே, இந்தக் கேள்வி நமக்குப் புதிதா? லயத்து வீடு யாருடையது? தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. தோட்டம் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் வேலையோடு கூரையும் போனது. மூன்று தலைமுறை உழைத்தவர்கள் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்தார்கள். இன்று பேரன் குளிர்சாதன அறையில் படுக்கிறான். ஆனால் சாவி முதலாளி கையில் இருந்தால், அதுவும் லயம்தான்.

ஆகவே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். சிங்கப்பூரின் வேலைச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். தொழிலாளி ஏற்றுக்கொண்ட தங்குமிடத்துக்கு மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். அதுவும் அந்தச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அறைக்குப் பணம் யார் கட்டுவது, எத்தனை நாளைக்கு, வேலை நின்றால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்று போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். படித்துப் புரியாத பாரத்தில் கையெழுத்து வேண்டாம். ரசீதையும் சம்பளச் சீட்டையும் போனில் படம் பிடித்து வையுங்கள். சம்பளத் தகராறு என்றால் வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டபின் 6 மாதத்துக்குள் அங்கேயே புகார் கொடுக்க வேண்டும். வெட்கப்பட்டு வாய்மூடி இருந்தால் கெடு ஓடிப்போகும். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகு வைக்காதீர்கள்.

நம் அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. எல்லையை மூடுவதற்கு நோய்த்தொற்று காரணம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் குடிமகன் இரவில் எங்கே படுப்பான் என்ற கேள்விக்குப் பக்கத்து நாடா முதலில் பதில் சொல்ல வேண்டும்? அடுத்த முறை பாலத்தை மூடுமுன் அந்தத் தொழிலாளிக்கு அவகாசமும் தங்குமிடமும் ஏற்பாடாகி இருக்க வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை. அதைக் கேட்க நாம் ஒன்றுபட வேண்டும்.