நாற்காலி ஒருவருக்கு, கையெழுத்து இன்னொருவருக்கு



1997 ஜூன் 30 அன்று, மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மொத்தம் ஆறு உயிர்கள். ஒதுக்கீட்டில் கிடைத்த தலைவர் பதவிக்கு ஒரு தலித் போட்டியிட்டார், ஜெயித்தார் என்பதுதான் அவர் மீதிருந்த குற்றச்சாட்டு. அந்த அறுவரின் நினைவாகப் பேசும்போது கொலையாளிகளின் சாதிவெறியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலைந்துபோக நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கொலைக்கு முன்னும் பின்னும் கட்சிகள் என்ன செய்தன என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வழக்கில் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த 17 பேரில் மூன்று பேர் 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி விடுவிக்கப்பட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது திமுக. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுச் சலுகையின் கீழ் 13 பேர் விடுவிக்கப்பட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது அதிமுக. மேடையில் ஒன்றையொன்று விரோதியாகப் பேசும் இரண்டு கட்சிகளும் இந்த ஒரு காரியத்தில் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. ‘ஒன்றே குலம்’ என்று பேசிய ஒரு தலைவரின் பிறந்தநாள், சாதிக்காகக் கொலை செய்தவர்களுக்கு விடுதலை நாளானது. ஏழைகளின் தலைவர் என்று கொண்டாடப்பட்ட இன்னொருவரின் நூற்றாண்டும் அப்படியே ஆனது.

சிறையாளிகளுக்குத் தண்டனைக் குறைப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பல ஆண்டுகள் சிறையில் கிடக்கும் ஏழைக் கைதிகளுக்காக நாமும்தான் குரல் கொடுக்கிறோம். நம் கேள்வி வேறு. ஒரு ஊராட்சித் தலைவரை, அவர் தலைவரானார் என்பதற்காகவே கொன்றவர்களை விடுவிக்கும்போது, அந்த ஊரில் கணவனை இழந்தவர்களையும் தந்தையை இழந்த பிள்ளைகளையும் யாராவது கேட்டார்களா? குற்றவாளியின் நன்னடத்தையை எடைபோட்ட அரசு, அவர் திரும்பிப் போகும் ஊரில் சேரி மக்களின் பாதுகாப்பை எடைபோட்டதா?

அடுத்தது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் தலைவர் என்று ஒருவர் உட்காரவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், வேட்புமனு வராது. அல்லது ஒருவரை நிறுத்துவார்கள், ஜெயிக்க வைப்பார்கள், கையோடு ராஜினாமா வாங்குவார்கள். இந்தப் பத்து ஆண்டில் முதல் ஐந்தாண்டு திமுக ஆட்சி, அடுத்த ஐந்தாண்டு அதிமுக ஆட்சி. இதே காலத்தில் நாடாளுமன்றத்துக்கு மூன்று முறையும் சட்டமன்றத்துக்கு இரண்டு முறையும் தேர்தல் நடந்தது. அந்த வட்டாரத்தில் ஓட்டுக் கேட்டுப் போகாத பெரிய கட்சி ஏது? ஓட்டுக் கேட்கப் போனவர்கள், ‘உங்கள் ஊரில் அரசியல் சட்டம் நடக்கவில்லையே’ என்று ஏன் கேட்கவில்லை? கேட்டால் ஓட்டுப் போகும். அவ்வளவுதான் காரணம்.

2006 அக்டோபரில் அதே ஊர்களில் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவி ஏற்றார்கள். தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் விடாமல் போராடியதும், மாவட்ட நிர்வாகம் ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசியதும், ஆட்சி அதற்குத் துணை நின்றதும் சேர்ந்து அதைச் சாத்தியமாக்கின. அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரே பாப்பாபட்டி கிராமசபையில் கலந்துகொண்டார். ஆனால் 2006இல் முடிந்தது 1997இலும் 2002இலும் ஏன் முடியவில்லை? அரசு நினைத்தால் நடத்தலாம் என்று 2006 காட்டிவிட்டது. அப்படியானால் அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்கு அர்த்தம் என்ன என்பதையும் அதுவே சொல்லிவிட்டது.

இங்கே கட்சிகளுக்கு வசதியான ஓர் ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலும் கிராம வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தலில்தான் சின்னம் வரும். ஆகவே கிராமத்தில் தலித் தலைவர் மிரட்டப்படும்போது, ‘அது கட்சி விவகாரம் இல்லை, ஊர் விவகாரம்’ என்று மேலிடம் கைகழுவிக்கொள்ளலாம். ஆனால் மிரட்டுகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்சியின் கிளைச் செயலாளராகவோ ஒன்றிய நிர்வாகியாகவோ இருக்கிறார். வேலை டெண்டரில் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும்போது அவர் கட்சிக்காரர். தலைவரை நாற்காலியில் உட்காரவிடாதபோது மட்டும் அவர் ஊர்க்காரர்.

மாணவத் தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வருகிறது, துணைத்தலைவர் பதவி வார்டு உறுப்பினர்களின் கணக்கில் வருகிறது. உறுப்பினர்களில் ஆதிக்க சாதியினரே கூடுதல் என்றால் துணைத்தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் தெருவிளக்கு எரியாது, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போகாது. பிறகு ‘இந்தத் தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை’ என்று புகார் எழுதுவார்கள். தலைவரை நீக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறது. புகாரும் அங்கேதான் போகும். அரிவாள் இல்லாமலேயே ஒரு தலித் தலைவரை வீட்டுக்கு அனுப்பும் வழி இது.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பெண், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது. உறுப்பினர்கள் நாற்காலியில், தலைவர் தரையில். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். படமும் செய்தியும் வந்த பிறகுதான் அதிகாரிகள் ஓடினார்கள். 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதற்குத் தடை இருக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்கு 75 ஆண்டு கழித்து, சமூகநீதி மண்ணில், அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது. சாதி பார்த்த நிர்வாகியைக் கட்சியை விட்டு நீக்கினோம் என்ற அறிக்கைகளை அதற்கு இணையான எண்ணிக்கையில் நாம் பார்த்ததில்லை. தலைமையை எதிர்த்துப் பேசியவரை அன்று மாலையே அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கும் கட்சிகள்தான் இவை.

இந்தக் கதை கிராமத்தோடு நிற்பதில்லை. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம், மாகாணச் சட்டமன்றங்களில் நமக்கு 148 இடங்களைத் தந்தது. அதில் சென்னை மாகாணத்துக்கு 30. இடத்தைத் தந்துவிட்டு, யார் அதில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யும் ஓட்டைப் பொதுத் தொகுதிக்குக் கொடுத்தார்கள். தம் மக்களின் பிரதிநிதியாக இருப்பவரைவிட, மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாதவரே ஜெயிப்பார் என்று பாபாசாகேப் எச்சரித்தார். ஒப்பந்தத்தின் 50ஆம் ஆண்டில், 1982இல், கன்ஷிராம் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்.

இன்று தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. எந்தக் கட்சி ஜெயித்தாலும் அந்த 44 பேர் சபையில் இருப்பார்கள். ஆனால் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டளித்தால் பதவி போய்விடும். தொகுதி மக்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர் மாவட்டச் செயலாளருக்குப் பதில் சொல்கிறவர் ஆகிறார். பொதுத் தொகுதியில் தலித்தை நிறுத்தினால் தோற்றுவிடுவோம் என்பது கட்சிகளின் கணக்கு. 2001இல் திருச்சி நாடாளுமன்ற இடைத்தேர்தலில், பொதுத் தொகுதியில், அதிமுக வேட்பாளராக நின்ற தலித் எழில்மலை ஜெயித்தார். நிறுத்தினால் ஜெயிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சாட்சியைக் கட்சிகள் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை.

நம் மக்களிடமிருந்து எழுந்த கட்சிகளுக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு இல்லை. கூட்டணிக்கு இரண்டு சீட்டு தேவைப்படும், அது நடைமுறை. ஆனால் கூட்டணித் தலைமையின் ஆட்சியில் ஒரு சேரி தாக்கப்படும்போது குரல் தணிகிறதா, எதிர்க்கட்சி ஆட்சியில் தாக்கப்படும்போது மட்டும் உயர்கிறதா என்று மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செத்தவர் எந்த ஆட்சியில் செத்தார் என்று பார்த்துக் கோபப்படுவது நமக்கு ஆகாது.

செய்ய வேண்டியது என்ன? முதலாவது, சாதிக் கொலைகளில் தண்டிக்கப்பட்டவர்களுக்குத் தலைவர்களின் பிறந்தநாள் சலுகை கூடாது; எந்த விடுதலைக்கும் முன்பு பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்க வேண்டும். இரண்டாவது, ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் துணைத்தலைவர் காரணம் எழுதாமல் கையெழுத்தை நிறுத்திவைத்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் மாற்று ஏற்பாடு வர வேண்டும். மூன்றாவது, தேர்தலில் நம் தெருவுக்கு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் ஒரே கேள்வி: சாதி பார்த்த உங்கள் நிர்வாகிகளில் எத்தனை பேரை நீக்கினீர்கள்? பெயரோடு சொல்லுங்கள்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராமசபைக்கு உங்கள் ஊருக்குப் போங்கள். தலைவர் எங்கே உட்காருகிறார், யார் பேசுகிறார், தீர்மானப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். காசோலை நிற்கிறது என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முருகேசன் தம் மக்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனவர். அந்த மனுக்களை நாம் தொடர்ந்து எழுதுவோம்.

மேலவளவு ஈகியருக்கு வீரவணக்கம். ஜெய்பீம்.