உடைகலத்து முன்னோன்

தஞ்சை வளநாடு என்றதும் நெல்லும் வாய்க்காலும் கோபுரமுமே நினைவுக்கு வருகின்றன. காவிரி இறுதியில் ஒரு கடலிற் கலக்கிறது என்பதும், அக்கடலுக்குப் போய்த் திரும்பாதவர் இந்நாட்டுக் குடிகளிலும் இருந்தனர் என்பதும் அத்துணை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. வயலில் இறந்தவனுக்கு ஆற்றங்கரையில் ஈமம் உண்டு; கடலில் இறந்தவனுக்கு அதுவும் இல்லை. அவன் கதியை அறியும் வழி யாது? இரட்டைக் காப்பியங்கள் இவ்வினாவை ஒருமுறைக்கு மேல் எழுப்புகின்றன.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மாடலன் பழஞ்செய்தி ஒன்றைக் கூறுகிறான். மாதவி மகளுக்குப் பெயர் சூட்டும் நாளில் கோவலன் தன் குலதெய்வத்தின் பெயரை இடுமாறு வேண்டினான். அவன் முன்னோன் ஒருவன் நள்ளிரவில் கலம் உடைந்து, கரை காணாமல் சில நாள் நீந்தினான். இந்திரன் ஏவலால் மணிமேகலா தெய்வம் அவனைக் கரை சேர்த்தது. பாலி மொழியின் மகாஜனக சாதகத்திலும் இத்தெய்வமே கடலில் வீழ்ந்த இளவரசனைக் காக்கிறது. தாய்லாந்துக் கோயிற் சுவரோவியங்களிலும் அக்காட்சி உண்டு. கீழைக்கடலில் கலம் செலுத்தியோர் பலர்க்கும் பொதுவான காவல் அது. ஆயினும் மாடலன் கூற்றில் நோக்கத்தக்கது வேறு. காத்த தெய்வத்தின் பெயர் குழந்தைக்குச் சென்றது. நீந்திய முன்னோன் பெயரோ அங்குச் சொல்லப்படவில்லை.

மணிமேகலையில் நிலை இன்னும் கடுமையானது. பீலிவளை ஈன்ற சோழன் மகன், மணிபல்லவத்திலிருந்து கம்பளச் செட்டியின் கலத்தில் வருகையில் கலம் கெட்டது. பிழைத்தோர் வந்து சொன்ன சொல்லே நெடுமுடிக்கிள்ளிக்குக் கிடைத்த சான்று. அவன் மகனைத் தேடி அலைந்தான், இந்திரவிழா மறந்தான், முன்பு கோவலன் குடியைக் காத்த அதே தெய்வத்தின் சாபத்தால் புகாரைக் கடல் கொண்டது. குழந்தை என்னவாயிற்று என்று சாத்தனார் கூறவில்லை. பெரும்பாணாற்றுப்படைக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், நாகப்பட்டினத்துச் சோழனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்து, தொண்டைக் கொடியை அடையாளமாகப் பூண்டு, திரையால் கரை சேர்ந்த திரையனைப் பற்றிக் கூறுகிறார். இவ்விரண்டையும் ஒரே கதையாக்கியோர் உண்டு. ஆனால் உரைகாரர் கூறும் குழந்தை கலம் உடைந்து தொலைந்ததன்று, கடலில் விடப்பட்டது. தொலைந்தவன் எங்கேனும் அரசனாக வாழ்ந்தான் என நம்ப விழைவது மனித இயல்பு. அவ்விழைவு சான்று ஆகாது.

பிழைத்தோர் சொல்லும் எப்போதும் சான்று ஆகாது என்பதற்குச் சாதுவன் கதையே போதும். சூதில் பொருளிழந்து வணிகரோடு கடல் சென்றவன் அவன். கலம் உடைந்தபோது தப்பிப் புகார் அடைந்தோர் அவனும் இறந்தான் என்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்டது அவ்வளவுதான். அச்சொல்லை நம்பி ஆதிரை தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. அவனோ ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்து, அவர் மொழி அறிந்திருந்தமையால் உயிர் பிழைத்திருந்தான். ஒரு மொழியறிவு உயிர் காத்த இடம் இது. மொழி கற்பிப்போர் இதனை எடுத்துரைக்கத் தவறுவது வியப்பே!

இக்காதையில் பலரும் கடந்து போகும் பகுதி ஒன்று உண்டு. நாகர் தலைவன் சாதுவனுக்குச் சந்தனமும் அகிலும் துகிலும் குவித்துக் காட்டுகிறான். அவை முன்பு கலம் கவிழ்ந்து அம்மலையில் ஒதுங்கியோரின் பொருள்கள். அவர்களை நாகர் உண்டுவிட்டனர். எத்தனையோ இல்லங்கள் எதிர்பார்த்திருந்த விடை அக்குவியலில் கிடந்தது. இனி உடைகலத்தோர் உயிருடன் வந்தால் காக்குமாறு அறிவுறுத்திய சாதுவன், அப்பொருளைப் பெற்றுக்கொண்டு சந்திரதத்தன் கலத்தில் ஊர் திரும்பினான். பின்னாளில் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் அவன் மனைவி ஆதிரையே. சந்தனத்துக்கு உரியோர் யார், அவர் ஊர் எது என்று காப்பியம் வினவவில்லை.

அண்மைக் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. பூம்புகார்க் கடலில் 19 மீட்டர் ஆழத்தில், தேசியக் கடலியல் நிறுவனத்தார் மரக்கலம் ஒன்றின் சிதைவை ஆராய்ந்தனர். பீரங்கியும் ஈயக் கட்டிகளும் கிடைத்தன. கட்டிகளில் பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அது சரக்கின் பெயர். பாய்மரக் கயிற்றைப் பிடித்திருந்தவன் பெயர் அன்று.

நாகர் மலையில் ஒதுங்கியோரின் இல்லங்களில் அன்று யார் வாயிலை நோக்கியிருந்தனர் என்று பாடும் இடத்தைச் சாத்தனார் கவிஞர்களுக்கு விட்டு வைத்திருக்கிறார்.