நிலக்கடலை நஞ்சைக் காட்டும் கோடுகள்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பார்வைக்கு நன்றாக இருக்கும் நிலக்கடலையிலும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு இருக்கக்கூடும். ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின்தான் அது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்நஞ்சு வெளிப்பட்டது. நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருந்தால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஏற்பதில்லை. அதாவது, நூறு கோடிப் பங்கில் 4 பங்கு. இவ்வளவு சிறிய அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு உதவுவது எதிர்ப்பொருள் என்னும் புரதம். மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டால், அந்த நோய்க் கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அதன் இரத்தத்தில் உண்டாகிறது. அதுபோல அஃப்ளாடாக்சினைப் பற்றும் எதிர்ப்பொருளையும் ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கலாம். இது கவட்டைக் குச்சி போன்ற வடிவுடையது. இரு கிளைகளின் நுனிதான் நஞ்சைப் பற்றும். ஆகவே அடிப்பகுதி பரப்பில் ஒட்டி, கிளைகள் வெளியே நீட்டி நிற்க வேண்டும். தலைகீழாக நட்ட நாற்றினால் என்ன பயன்?

அமெரிக்கக் கடற்படையின் வாஷிங்டன் ஆய்வுக்கூடத்தில் 1990-களில் இதற்கு ஒரு நல்ல முறையை உருவாக்கினார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அவிடின் என்னும் புரதத்தைப் பூசி, நுண்ணிய வாய்க்கால்கள் கொண்ட ரப்பர் போன்ற அச்சை அதன்மேல் பதித்தார்கள். வாய்க்காலுக்கு ஒரு வகையாக, பயோட்டின் சேர்த்த எதிர்ப்பொருளைப் பாய்ச்சினார்கள். பயோட்டினை அவிடின் இறுகப் பிடித்துக்கொள்ளும். அச்சை எடுத்ததும் எதிர்ப்பொருள்கள் வரிசை வரிசையாக நிற்கும். இடைவெளியில் வேண்டாதவை ஒட்டாதிருக்க வேறொரு புரதத்தால் மூடிவிடுவார்கள். பிறகு குறுக்குவாக்கில் மாதிரிகளைப் பாய்ச்சி, ஒளிரும் சாயம் சேர்த்து, ஒளி செலுத்திப் படம் எடுப்பார்கள். கயிறு பிடித்து நட்ட வயல்போலக் கட்டங்கள் தெரியும். எந்தக் கட்டத்தில் ஒளி மாறுகிறது என்பதைக் கொண்டு, எந்த மாதிரியில் எந்த நஞ்சு என்று அறியலாம். இங்கு இடம்தான் செய்தி.

இடத்தைப் பார்த்து விடை அறியும் இதே தத்துவத்தில் அமைந்த எளிய கருவிதான் சோதனைப் பட்டை. அதில் இரண்டு கோடுகள் இடப்பட்டிருக்கும். ஒன்று சோதனைக் கோடு. மற்றது பட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் கோடு. அரைத்த கடலையிலிருந்து எடுத்த சாற்றை இட்டதும், நுண்ணிய பொன் துகள்களோடு இணைந்த எதிர்ப்பொருள் அதனுடன் நகரும். சோதனைக் கோட்டில் சிறிதளவு அஃப்ளாடாக்சினை முன்பே பொருத்தியிருப்பார்கள். சாற்றில் நஞ்சு இல்லையெனில், எதிர்ப்பொருள் அக்கோட்டைப் பற்றிச் சிவப்பாகத் தெரியும். நஞ்சு இருந்தாலோ கிளைகள் முன்பே நிரம்பிவிடுவதால் கோடு மங்கும் அல்லது தோன்றாது. ஆகவே, இவ்வகைப் பட்டையில் சோதனைக் கோடு இல்லையென்றால் நஞ்சு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதுதான் அபாய அறிகுறி! இரண்டு கோடுகளுமே தோன்றாவிட்டால் அந்தப் பட்டை செல்லாது. வேறு பட்டையில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிராது. சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும். ஒரு கைப்பிடியை மட்டும் சோதித்தால் விடை தவறாகலாம். பல மூட்டைகளிலிருந்து மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, முழுவதையும் அரைத்து, அதிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும்.

சோதனை நஞ்சைக் காட்டும், நீக்காது. அறுவடைக்குப் பின் காய்களை ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்கு மேற்படாமல் உலர்த்துங்கள். உடைந்த, சுருங்கிய, பூசணம் பிடித்த பருப்புகளைப் பொறுக்கி நீக்குங்கள். நீக்கியதைப் பிண்ணாக்காக்கிக் கறவை மாட்டுக்குப் போட்டால் நஞ்சு பாலில் வந்து சேரும். அந்தப் பாலைக் குடிப்பவர்கள் நம் வீட்டுக் குழந்தைகளே என்பதை மறவாதீர்கள்.