பெயர் அறியா ஆசான்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமயச் சொற்பொழிவாற்றும் கல்வி நமக்கில்லை. பள்ளியிறுதி தேறி இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தோம். ஆயினும், வழிப்பயணத்தில் எதிர்ப்படுவோர் வாயிலாகவும் ஞானம் வருவதுண்டு என்பதைச் சிறிது கூறத் துணிந்தோம். வண்டியும் பயணச்சீட்டும் நம் தொழிலைச் சேர்ந்தவை அல்லவா?

1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்குப் புகைவண்டியில் சென்றார். அந்நியத் துணி விலக்கு நடந்த காலம். பெட்டியில் உடனிருந்தோரில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் துணியே அணிந்திருந்தனர். அடிகள் அவர்களோடு உரையாடிக் கதர் உடுத்துமாறு வேண்டினார். அவர்களோ, கதரின் விலை மிகுதி, ஏழைகளாகிய தங்களுக்கு அது கட்டாது என்று தலையசைத்துவிட்டனர். வேறொருவராயின், இவர்களுக்கு நாட்டுப்பற்றுப் போதாது என்றெண்ணி அடுத்த நிலையத்திலேயே மறந்திருப்பார். அடிகள் தம்மையே நோக்கினார். சட்டை, குல்லாய், முழுவேட்டி அனைத்தும் இருந்தன. இத்தனையும் தாம் அணிந்துகொண்டு, இல்லாதவரிடம் வாங்கச் சொல்லுவதா? ஆடை குறைக்கும் எண்ணம் முன்னரும் அவர் உள்ளத்தில் எழுந்து அடங்கியதுண்டு. இம்முறை அடங்கவில்லை. செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் இடைத்துணியோடு வெளிவந்தார். 1948-இல் மறையும்வரை, குளிருக்கு ஒரு போர்வை நீங்கலாக, அதுவே அவர் கோலம். மறுமொழி கூறிய அப்பயணிகளின் பெயர் வரலாற்றில் இல்லை.

விவேகானந்தர் வரலாற்றிலும் இத்தகையது ஒன்றுண்டு. பிருந்தாவனத்திற்குக் கால்நடையாகச் சென்றபோது, வழியில் ஒருவன் புகை பிடிப்பதைக் கண்டு புகைக்குழாயைக் கேட்டார். தான் துப்புரவுத் தொழில் செய்யும் குலத்தவன், தருவது தகாது என்றான் அவன். சுவாமிகள் சற்றுத் தொலைவு நடந்துவிட்டார். சாதியைத் துறந்த துறவிக்கு இத்தயக்கம் எங்கிருந்து வந்தது என்று உள்ளம் உறுத்தவே, திரும்பி வந்து அவன் கையாலேயே வாங்கிப் புகைத்தார்.

இருவரும் முதலில் வாய்திறந்து கேட்டனர் என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மவரோ ஊருக்குச் செல்லுகையில் கூட்டமாக இடம் பதிந்து, புளியோதரை மூட்டையை அவிழ்த்தால், அடுத்த இருக்கைக்காரர் எவ்வூரார் என்றும் வினவுவதில்லை. (புளியோதரையைக் குறை கூறினோமல்லோம்.) மொழி தெரியாதென்பது சாக்கு. காய்கறிக் கடையில் பேரம் பேச அம்மொழி போதுகிறதே!

முன்பதிவில்லாப் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் இரு கோடிகளிலும் கோக்கப்படுகின்றன. பல நிலையங்களில் கூரை அங்கு நீள்வதில்லை, குழாயும் தொலைவு. கோடையில் கைக்குழந்தையோடு வரும் தாய் நீருக்காக இறங்கினால் இடம் போய்விடும்; இறங்காவிட்டால் குழந்தையின் நா வறளும். நாள்தோறும் காணும் காட்சி இது.

ஆகையால் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் கோடையில் நம் நிலையத்து நடைமேடையின் அவ்விரு கோடிகளிலும் தண்ணீர்ப் பந்தல் அமைக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தலாகாது; உறுப்பினர்களே முறைவைத்து நின்று வார்க்க வேண்டும். செம்பு நிறையும் நேரத்தில் இரண்டு வார்த்தை பேசவும் இயலும். நிலைய அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதுவது நமக்குக் கைவந்த தொழில். அதனை நாம் பார்த்துக்கொள்ளுகிறோம். செயற்குழு நாள் குறித்தருள்க.