திருவனந்தபுரத்தில் ஒரு செங்கல் நூலகம்

திருவனந்தபுரம் என்றவுடன் தமிழ் மக்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பத்மநாபசுவாமி கோயில். அடுத்து, மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை ஆசிரியராக அமர்ந்திருந்த கல்லூரி. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகமாகத் தோன்றி, 1957-இல் கேரளப் பல்கலைக் கழகமாகப் பெயர் மாறிய பெருநிலையமும் அந்நகரத்தில்தான் இருக்கிறது. எனினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அதன் நூலகத்தைப் பற்றியன்று. நகரின் வடபுறத்தே உள்ளூர் என்னும் பகுதியில், சிறு குன்றொன்றின்மேல் நிற்கும் மற்றொரு நூலகத்தைப் பற்றியதாகும். (உள்ளூர் என்பது இடத்தின் பெயர், நமது ஊர் என்று பொருள்கொள்ள வேண்டா.)

வளர்ச்சி ஆய்வு மையம் என்பது அந்நிலையத்தின் பெயர். பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் அவர்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பின்னர் இலண்டனிலும் பயின்றவர். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதில் பங்கு கொண்டவர். டில்லிப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். அந்நாளில் கேரள முதலமைச்சராயிருந்த சி. அச்சுத மேனன் அவர்களின் ஆதரவோடு 1970-ஆம் ஆண்டையொட்டி அவர் இந்த மையத்தைத் தோற்றுவித்தார். அங்கு முதுநிலை ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தின் வாயிலாகப் பட்டம் பெறுகின்றனர்.

இங்கே ஒரு வினா எழுந்தது. ஏழைமை எங்ஙனம் உண்டாகிறது, அதனை எங்ஙனம் போக்குவது என்று கணக்கிடுதற்கென ஒரு நிலையம் எழுப்புகிறோம். அந்நிலையமே பொருளை வாரி இறைத்துக் கட்டப்படுமானால், உள்ளே இருந்து எழுதப்படும் ஆராய்ச்சியை யார் மதிப்பர்? இவ்வினாவுக்கு விடையளிக்கக்கூடிய ஒருவர் அப்போது திருவனந்தபுரத்திலேயே குடியேறியிருந்தார். அவர்தாம் லாரி பேக்கர்.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். போர்க்காலத்தில் சீனத்தில் மருத்துவத் தொண்டு புரிந்து தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள்கள் அவ்வீட்டுக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்று அடிகள் கொண்டிருந்த கருத்து அவர் உள்ளத்திற் பதிந்தது. பின்னர் இந்தியாவுக்கே வந்து, கேரள மருத்துவப் பெண்மணி எலிசபெத்தை மணந்து, இமயமலைச் சாரலில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். அங்குள்ள மலைவாசிகள் கல்லும் மண்ணும் கொண்டு கட்டும் முறையைக் கண்டு, தாம் கற்ற கல்வியில் பாதியை மறக்க வேண்டியவரானார் என்றே நாம் கருதுகிறோம்.

அவர் உள்ளூரில் செய்தது என்ன? குன்றை வெட்டிச் சமன் செய்யவில்லை. அலுவலகங்களும் வகுப்பறைகளும் சரிவில் எங்கெங்கு இடம் வாய்த்ததோ அங்கங்கே அமைந்தன. அவற்றை இணைக்கும் நடைவழிகள் வளைந்து வளைந்து மேலேறி, உச்சியில் நூலகத்தைச் சென்றடைகின்றன. ஏழு நிலைகொண்ட அந்நூலகக் கோபுரம் முழுதும் செங்கல். சுவருக்குப் பூச்சும் இல்லை, வண்ணமும் இல்லை.

சுவரின் சூழ்ச்சி நாம் அறியத்தக்கது. வழக்கமாகக் கொத்தனார் செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவார். பேக்கர் கையாண்ட எலிப்பொறிக் கட்டு என்னும் முறையில் செங்கல் குத்தாக நிறுத்தப்படும். இரு வரிசைக்கும் நடுவே வெற்றிடம் விடப்படும். ஒன்பது அங்குலச் சுவரே எழும். ஆனால் கல்லில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் வெம்மையையும் தடுக்கும்.

சாளரங்களின் கதையும் இத்தகையதே. மரச்சட்டமும் இரும்புக் கம்பியும் கண்ணாடியும் வாங்குவதற்குப் பதிலாக, சுவரிலேயே இடையிடையே செங்கல்லை விட்டுவிட்டுக் கட்டினார். காற்று நுழைகிறது, வெளிச்சமோ கூசாமல் துளித்துளியாய் உள்ளே இறங்குகிறது. நாஞ்சில் நாட்டவர்க்கு இது புதிதன்று. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச் சாளரங்களில் நாம் கண்ட அதே உபாயம் இங்கே செங்கல்லாய் மாறியிருக்கிறது. அவ்வரண்மனை 1956-இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தும், இன்றளவும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது என்பது ஒரு சுவையான செய்தி.

பேக்கர் தம் வரைபடங்களைப் பெரும்பாலும் கட்டுமான இடத்திலேயே, கிடைத்த காகிதத் துண்டின் பின்புறத்தில் வரைவார். சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகும் பணம் கொத்தனார்க்கும் சித்தாளுக்கும் கூலியாகப் போகட்டும் என்பது அவர் கொள்கை. இந்தியக் குடியுரிமை பெற்றது 1989-இல். மறைந்தது 2007-இல், திருவனந்தபுரத்திலேயே. ராஜ் அவர்கள் 2010-இல் காலமானார்; நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கேரளத்தின் வறுமையைப் பற்றி அம்மையத்தார் ஆராய்ந்து எழுதி, ஐக்கிய நாடுகள் சபை 1975-இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பேசப்பட்டது.

நம்மில் பலர் பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் உழைத்துச் சேர்த்த பொருளைச் சொந்த ஊரில் ஒரு வீடாக்க விரும்புகிறோம். பூசாத சுவர் ஏழைமையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருப்பதால், அப்பொருளில் ஒரு பெரும்பகுதி காரைக்கும் வண்ணத்துக்கும் போய்விடுகிறது. மழைச்சாரல் கடுமையாக அடிக்கும் சுவரைப் பூசத்தான் வேண்டும். மட்டமான செங்கல்லானாலும் பூச்சின்றி நில்லாது. இவ்விரண்டையும் மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் நன்கு சுட்ட கல் கிடைக்குமிடத்தில் எல்லாச் சுவரையும் ஏன் மூட வேண்டும் என்று நம் ஊர்க் கொத்தனாரை ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்கலாம்.

விடுமுறைக்கு நாகர்கோவில் வழியாகச் செல்வோர் உள்ளூர்வரை போக நேரமில்லையெனில் கவலையில்லை. திருவனந்தபுரம் தம்பானூரில் புகைவண்டி நிலையத்துக்கு அருகிலேயே இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. அதுவும் பேக்கர் கட்டியதே. சங்குபோல் சுழன்றேறும் சரிவிலே மேசைகள் வரிசையாகச் செல்கின்றன. வெளிச்சுவர் முழுதும் துளையிட்ட செங்கல். வண்டிக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், ஒரு காபி அருந்தியபடியே அச்சுவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம்.