பொதுச் சுகாதாரப் போதனையும் பொருள்முடையும்

(உச்சமுனையில் நடைபெற்ற வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



பல்கலைக்கழகம் ஒன்றின் பொதுச் சுகாதாரத் துறையைப் பணமும் ஆளும் குறைந்த காலத்தில் எவ்வாறு நடத்துவது என்பது நாம் இன்று எடுத்துக்கொண்ட விடயம். இதைக் கொழும்பிலோ பேராதனையிலோ பேசுவதுதானே முறை, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாகக் கிடக்கும் உச்சமுனையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைத்தல் கூடும். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படகேறிக் கற்பிட்டிக்குப் போகின்ற ஊர் இது. பெரிய வைத்தியசாலைக்கு அண்மையில் இருப்பவனுக்கு வைத்தியர் போதும். அதற்குத் தொலைவில் இருப்பவனுக்கு நோய் வராமல் காப்பவர் வேண்டும். அப்படிக் காப்பவர்களைப் பயிற்றும் இடம் தளர்ந்தால் முதலில் நனைவது நம்முடைய கூரைதான்.

நம் ஊரவர் யாவரும் அறிந்த ஒன்றிலிருந்தே தொடங்குவோம். கற்பிட்டிக் குடாநாடு மணல்நிலம். வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்க இடுகின்ற உரம் நீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடுகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இக்குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மீறப்பட்டிருப்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை கண்டு எழுதியுள்ளார்கள். கைக்குழந்தைக்கு அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடம்பு நீலம் பாய்தலும் உண்டு. பார்வைக்குத் தெளிந்த நீர், நாவுக்கும் வேறுபாடு தெரியாது. அளந்து பார்த்தாலன்றி அறிய முடியாத இந்தத் தீங்கை அளப்பதற்கு ஓர் ஆய்வுகூடம் வேண்டும், ஒரு விரிவுரையாளர் வேண்டும், போத்தல்களைச் சுமந்து வரச் சில மாணவர் வேண்டும். அவர்களுடைய சம்பளத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் எவரோ ஒருவர் ஒரு வரவு செலவுத் திட்டத்திலே எழுதியிருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பகுதி திறைசேரியிலிருந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக வருகிறது. ஒரு துறைத்தலைவர் தமக்கு இன்னும் இரண்டு விரிவுரையாளர் வேண்டும் என்றால் தாமே வைத்துக்கொள்ள முடியாது. ஆளணிக்கு அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்த பின் விளம்பரம், அதன்பின் நேர்முகப் பரீட்சை. வந்து சேர்ந்தவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போவார். திரும்பி வருவாரா என்று காத்திருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 6 பங்கைக் கல்விக்கு ஒதுக்குக என்று கேட்டு ஏறக்குறைய மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்கோரிக்கை நிறைவேறவில்லை. 2022இல் நாடே கடனிறுக்க முடியாமல் நின்றபோது வைத்தியரும் விரிவுரையாளரும் பலர் கப்பலேறினர். விமானம் ஏறினர் என்பதே சரி; பழைய சொல் நாவில் நின்றுவிட்டது.

இவ்வகை நெருக்கடியை மிகக் கடுமையாக அனுபவித்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். 1978இல் அப்பீடம் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. கைதடி ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் பாடங்கள் ஆரம்பமாயின. அங்கே சமுதாய மருத்துவத்தின் முதற் பேராசிரியராக இருந்தவர் செ. சிவஞானசுந்தரம். தமிழ் வாசகர் இவரை 'நந்தி' என்ற பெயரால் அறிவர். மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளர் வாழ்வைக் காட்டும் 'மலைக்கொழுந்து' என்னும் நாவலை எழுதியவரும் அவரே. 1983க்குப் பின் போரும் ஊரடங்கும் மிகுந்து, ஆசிரியர் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டனர். ஐந்து ஆண்டுப் படிப்பு மாணவர்க்கு மேலும் பல ஆண்டுகள் நீண்டது. உடற்கூற்றியல் துறைத்தலைவராக இருந்த ராஜனி திராணகம, இலண்டனிலோ லிவர்பூலிலோ சுகமாக இருக்கக்கூடியவர், திரும்பி வந்து துறையை நிமிர்த்த முயன்றார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வேலை முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆளணிக் குறைவு என்னும் சொல்லுக்குள் இப்படிப்பட்ட மரணங்களும் அடங்கும். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் உடன் இடம்பெயர்ந்து, பின் மீண்டது.

இத்தனைக்கும் அப்பீடம் மூடப்படவில்லை. இது எப்படி நிகழ்ந்தது? யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் நிபுணர்கள் வருகைதரு விரிவுரையாளராகக் கைகொடுத்தார்கள் என்பது ஒரு காரணம். சமுதாய மருத்துவத்தைப் பொறுத்தமட்டில் நம் கருத்தில் பட்ட வேறொரு காரணம் உண்டு. அத்துறை தன் வகுப்பறையைக் கொண்டாவில் போன்ற ஊர்களிலே வைத்திருந்தது. வீடுவீடாகச் சென்று தாயையும் பிள்ளையையும் கிணற்றையும் மலகூடத்தையும் பார்த்துப் படிக்கும் மாணவனுக்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டுவதில்லை. காலும் கண்ணும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும். கட்டடம் போனாலும் அப்படிப்பு போகாது. இதனால்தான் ஒரு கெடுதியும் வருகிறது: குறைந்த செலவில் நடக்கும் துறை என்று பெயரெடுத்தால் பங்கீட்டு நாளில் அதன் பங்கு இன்னும் குறைக்கப்படும். சத்திரசிகிச்சைக்கூடத்து விளக்கு அணைந்தால் அன்றைக்கே கூக்குரல் எழும். களப்பயிற்சிக்குப் போகும் வண்டிக்கு எண்ணெய் இல்லையென்றால் ஒருவரும் கேட்கமாட்டார். ஆகவே துறைத்தலைவராக இருப்பவர் வெட்ட நேர்ந்தால் எதையும் வெட்டுக, களத்தை வெட்டற்க என்பது நம் துணிபு. மாநாட்டுக்குப் போகும் பயணச் செலவும், மண்டபத்துக்குப் பூசும் வர்ணமும் ஓராண்டு பொறுக்கும்.

வெட்டியதன் பயன் எப்படியிருக்கும் என்பதை இலங்கை ஒருமுறை பார்த்துவிட்டது. 1934-35 மலேரியாக் கொள்ளையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். அதன்பின் பெருமுயற்சியால் நோய் ஒடுங்கி, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. வெற்றி வந்துவிட்டதென்று மருந்து தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்துக்கு மேல். நோயில்லாத ஆண்டிலே நோய்த்தடுப்புக்குப் பணம் கேட்பதே இத்தொழிலில் மிகக் கடினமான வேலை. கேட்பவன் வீண்செலவுக்காரன் போலத் தோன்றுவான். மலேரியா அற்ற நாடு என்று இலங்கை சான்று பெற்றது 2016 செப்டெம்பரில்தான். இன்றைக்கு அந்தக் கேள்வியே திரும்பவும் நம் முன் நிற்கிறது: இனிமேல் மலேரியாவை அறியும் ஆட்களை எதற்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்?

பிறர் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் உதவிற்று. ஆண்டுதோறும் தன் பங்கைக் குறைத்து உள்ளூர் அரசாங்கத்தின் பங்கைக் கூட்டுவதே அந்நிறுவனத்தின் பொதுவான முறை. ஆகவே அமெரிக்கர் போன பின்பும் களுத்துறை நின்றது; மருத்துவிச்சிகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இன்றும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. உலகத்திலேயே பெயர்போன பொதுச் சுகாதாரப் பள்ளியை உடைய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம், அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டதால் 80 கோடி டொலரை இழந்து, 2025 மார்ச்சில் 2,000க்கு மேற்பட்ட வேலைகளை நீக்கிற்று. அவற்றில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வெளியே, ஏழைநாடுகளில் இருந்த வேலைகள். ஓட்டம் மாறினால் கரைமீனும் இல்லை, கடல்மீனும் இல்லை என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெளிப்பணம் வரட்டும், கிணறு தோண்டவும் கருவி வாங்கவும் அது நல்லது. நிரந்தரமான ஆசிரியர் சம்பளத்தை அதன்மேல் ஏற்றி வைக்கும் தலைவர் தம் பிள்ளைகளின் சோற்றை வலைவீச்சின் அதிர்ஷ்டத்தில் வைத்தவராவார்.

ஆட்களை எப்படித் தக்கவைப்பது? மிஷன் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் இருந்து படித்த நமக்கு இங்கே ஒருவருடைய நினைவு வருகிறது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் போதித்தார். ஆங்கிலத்தில் படித்து முடித்த மாணவர் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகம் தேடித் தொலைதூரம் போய்விட, கிராமங்கள் பழையபடி வெறுமையாகவே கிடந்தன. 1864 முதல் அவர் தமிழிலே போதிக்கத் துணிந்தார். கலைச்சொல் இல்லை, பாடநூல் இல்லை, மிஷனின் பணமும் தாராளமாக இல்லை. தம் மாணவரையே மொழிபெயர்ப்பாளராகவும் உதவி ஆசிரியராகவும் ஆக்கிக்கொண்டு 'இரண வைத்தியம்', 'மனுஷ சுகரணம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களை வெளிக்கொணர்ந்தார். தமிழில் படித்தவர் ஊரில் தங்கினர். மொழி பற்றிய தீர்மானம் அங்கே ஆளணி பற்றிய தீர்மானமாகவும் ஆயிற்று. இக்காலத்தில் மருத்துவத்தை முழுவதும் தமிழில் போதிப்பது கூடுமா என்ற வாதத்துள் நாம் இப்போது நுழையவில்லை. ஆனால் களத்துப் பேச்சு மக்கள் மொழியில் இருந்தேயாக வேண்டும். 'நந்தி' அவர்கள் 'நந்தினி உன் குழந்தை' என்று தாய்மாருக்காக எழுதியதும் பேராசிரியர் வேலையில் ஒரு பகுதியே. அதைப் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் இத்துறையை அறியாதவர்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரம்பேர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து இறங்கினார்கள். அக்காலத்தில் நீரும் மலகூடமும் தடுப்பூசியும் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தச் சனத்தொகைக்கேற்ற பொதுச் சுகாதார ஆட்கள் இம்மாவட்டத்தில், அதிலும் தமிழ் பேசத் தெரிந்தவர்கள், இன்னும் வேண்டும். நமது மாகாணத்திலேயே குளியாப்பிட்டியில் வயம்ப பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 2018இல் உருவாயிற்று. புதிய பீடம், ஆசிரியரைத் தேடுவதும் களத்தைத் தேடுவதும் அதற்கும் இயல்பே. அங்கே படிக்கும் சிங்கள மாணவர் பலருக்குத் தமிழ் தெரியாது. நம் தாய்மார் பலருக்குச் சிங்களம் சரளமாக வராது. இவ்விடைவெளியை நிரப்பப் புதிய பதவி ஒன்றும் உண்டாக்க வேண்டியதில்லை. க.பொ.த. உயர்தரம் படித்த நம் வாலிபர் பத்துப்பேர் வீட்டுக்கு வீடு கூடச் சென்று மொழிபெயர்த்தால் போதும்.

நம் யோசனை இதுதான். களப்பயிற்சி மாணவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது உச்சமுனைக்கு அனுப்பும்படி குளியாப்பிட்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரண்டு கடிதம் எழுதுவோம். அனுப்புங்கள் என்று மட்டும் எழுதினால் பணமில்லை என்று மறுமொழி வரும். அது பொய்யும் அல்ல. எனவே கற்பிட்டியிலிருந்து படகுப் பயணமும், தங்குமிடமும், மூன்று நாட் சோறும் கறியும் நம்முடைய பொறுப்பு என்று சேர்த்து எழுத வேண்டும். கிணறுகளின் பட்டியலையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பட்டியலையும் நாமே முன்கூட்டி ஆயத்தம் செய்து வைக்கலாம். வந்தவர் அளந்த அளவுகளின் நகலொன்றை ஊரிலே விட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் நம் நிபந்தனை. படகு தருவதாக இரண்டு சம்மாட்டிமார் இக்கூட்டத்துக்கு முன்னரே சொல்லியிருக்கிறார்கள். அரிசிக்கு இன்னும் ஆள் வேண்டும்.